பாட்டில் பாசிட்டிவ் ஆனதும் என்ன செய்வது? ரத்தத் தொற்றுக்கான விரைவுப் பரிசோதனைகள்

மைக்ரோபயாலஜி லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டெக்னீஷியன்கள், முதலாண்டு முதுநிலை மாணவர்கள், வார்டில் பிளட் கல்ச்சர் எடுக்கும் ஹவுஸ் சர்ஜன்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா, என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்ற மூன்று கேள்விக்கும் பழைய முறையில் விடை வந்து சேர மூன்று நாள் ஆகும். முதல் நாள் பாட்டில் பாசிட்டிவ் ஆகும் (உள்ளே கிருமி வளர்வதைக் கருவி காட்டும்), மறுநாள் தட்டில் காலனி வளர்ந்திருக்கும், அதற்கடுத்த நாள்தான் சென்சிடிவிட்டி, அதாவது எந்த மருந்து கேட்கும் என்ற முடிவு. இன்றைய விரைவுப் பரிசோதனைகள் இதில் ஒரு நாளையோ அதற்கு மேலோ மிச்சப்படுத்தித் தருகின்றன.

செப்டிக் ஷாக் நோயாளிக்கு அந்த ஒரு நாள் மிகப் பெரியது. ரத்த அழுத்தம் விழுந்த பிறகு, கிருமிக்குப் பொருத்தமான ஆன்டிபயாடிக் ஒவ்வொரு மணி நேரம் தாமதமாகும்போதும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7.6 சதவீதம் குறைவதாக 2006-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆன்டிபயாடிக் சீக்கிரம் போட்டால் மட்டும் போதாது, அது அந்தக் கிருமிக்கு வேலை செய்யும் ஆன்டிபயாடிக்காக இருக்க வேண்டும். நம் ஐசியூக்களில் எதிர்ப்புக் கிருமிகள் அதிகம் என்பதால் முதல் ஊகம் தவறிப்போகும் வாய்ப்பும் அதிகம்.

எல்லாரும் கருவியைப் பற்றியே பேசுவதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவிக்கு முன்னால் ரத்தம் ஒழுங்காக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். கருவிக்குப் பின்னால், முடிவைக் கேட்டு மருந்தை மாற்ற ஆள் இருக்க வேண்டும். இந்த இரண்டில் எது இல்லாவிட்டாலும் நடுவில் இருக்கும், கிருமியின் ஜீனைத் தேடும் ஒரு மணி நேரப் பிசிஆரால் நோயாளிக்குப் பயனில்லை.

முதல் படி: ரத்தம் எடுப்பது

பெரியவர்களுக்கு இரண்டு செட், முடிந்தால் மூன்று. ஒரு செட் என்பது ஏரோபிக் (ஆக்ஸிஜன் உள்ள) பாட்டில் ஒன்று, அனேரோபிக் (ஆக்ஸிஜன் இல்லாத) பாட்டில் ஒன்று. ஒவ்வொரு பாட்டிலிலும் 8 முதல் 10 மி.லி. ரத்தம் வேண்டும். செலவு கருதி அனேரோபிக் பாட்டில் வாங்காத ஆஸ்பத்திரிகள் பல உண்டு. அங்கே இரண்டு ஏரோபிக் பாட்டில்களை இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து எடுங்கள். ஒரே ஊசியில் எடுத்த ரத்தத்தை இரண்டு பாட்டிலில் பிரித்து ஊற்றிவிட்டு இரண்டு செட் என்று எழுதக் கூடாது.

அளவை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? பல நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு மி.லி.க்கு ஒரு கிருமிகூட இருப்பதில்லை. 3 மி.லி. மட்டும் போட்டு அனுப்பினால் கிருமியே பாட்டிலுக்குள் போகாமல் இருக்கலாம். அப்போது வரும் நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து. பாட்டிலின் பக்கவாட்டில் அளவுக்கோடுகள் இருக்கின்றன. எடுப்பதற்கு முன்பே எதுவரை நிரப்ப வேண்டும் என்று பேனாவால் குறித்துக்கொண்டால் சந்தேகம் வராது. குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து அளவு குறையும், அதற்கென்று தனிப் பாட்டில் இருக்கிறது.

குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஆல்கஹாலால் தோலை அரை நிமிடம் தேய்த்து, காய விடுங்கள். காயும்போதுதான் அது வேலை செய்கிறது. அதன் பிறகு நரம்பு எங்கே என்று மறுபடி விரலால் தடவிப் பார்க்காதீர்கள். பாட்டில் மூடியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஸ்டெரைல் அல்ல, அதையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். சிரிஞ்சில் எடுத்தால் அனேரோபிக் பாட்டிலுக்கு முதலில், பட்டர்ஃபிளை ஊசியில் எடுத்தால் ஏரோபிக்குக்கு முதலில் விடுங்கள். பட்டர்ஃபிளை குழாயில் காற்று இருக்கும்.

இவை எல்லாம் முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்னால் நடக்க வேண்டும். ஷாக்கில் இருக்கும் நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போயாக வேண்டும் என்பதால், கல்ச்சர் எடுக்க நரம்பு கிடைக்கவில்லை என்று மருந்தை நிறுத்தி வைக்கவும் கூடாது. பாட்டிலில் எடுத்த நேரத்தை எழுதுங்கள். எடுத்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு அனுப்பிவிடுங்கள்.

இரண்டாம் படி: கிராம் ஸ்டெயின்

கருவி பாட்டிலை ஐந்து நாள் வரை வைத்துக் கண்காணிக்கும். கிருமி வளர்ந்து கார்பன் டை ஆக்ஸைடு விடும்போது பாட்டில் அடியில் உள்ள சென்சார் மாறும், கருவி சத்தம் கொடுக்கும். உண்மையான பாசிட்டிவ்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு நாளுக்குள் வந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்குச் சத்தம் கொடுத்த பாட்டில் காலை ஒன்பது மணிவரை உள்ளேயே கிடந்தால் ஏழு மணி நேரம் வீணாகிறது. இரவுப் பணியில் பாட்டிலை எடுத்து ஸ்மியர் போட (ஒரு துளியை ஸ்லைடில் தடவிச் சாயமேற்ற) ஒருவர் இல்லாத லேபில், பல லட்சம் ரூபாய்க் கருவியைவிட முதலில் தேவை அந்த ஒருவர்தான் என்பது என் உறுதியான கருத்து.

பாட்டிலை பயோசேஃப்டி கேபினட்டுக்குள் வைத்துத் திறங்கள். இது சம்பிரதாயம் இல்லை. புருசெல்லாவும், மெலியோய்டோசிஸ் கிருமியான பர்கோல்டேரியா சூடோமல்லையும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. இரண்டும் லேப் ஊழியருக்குத் தொற்றக்கூடியவை. பாட்டில் தாமதமாகப் பாசிட்டிவ் ஆகி, ஸ்லைடில் மிகச் சிறிய மணல்துகள் போன்ற கிராம் நெகட்டிவ் காக்கோபேசில்லை (குட்டைக் குச்சி வடிவக் கிருமிகள்) தெரிந்தாலோ, சர்க்கரை நோயாளியின் ஸ்லைடில் இரு முனையும் சாயமேறி நடுவே வெளுத்த பேசில்லை தெரிந்தாலோ, கேபினட்டை விட்டு எதையும் வெளியே கொண்டுவராமல் சீனியரைக் கூப்பிடுங்கள்.

ஸ்லைடைப் பார்த்துச் சொல்லும் நான்கு சொற்கள்தான் உங்கள் முதல் விரைவுப் பரிசோதனை முடிவு: கொத்தாக கிராம் பாசிட்டிவ் காக்கை (உருண்டைக் கிருமிகள்), சங்கிலியாக கிராம் பாசிட்டிவ் காக்கை, கிராம் நெகட்டிவ் பேசில்லை (குச்சி வடிவக் கிருமிகள்), ஈஸ்ட். இதை ஒரு மணி நேரத்துக்குள் வார்டுக்குப் போனில் சொல்ல வேண்டும். கூடவே பிளட் அகார், மெக்கான்கி தட்டுகளில் கட்டாயம் சப்கல்ச்சர் போடுங்கள். அடுத்து எந்த நவீனப் பரிசோதனை செய்தாலும் சரி, தட்டு இல்லாமல் எதையும் உறுதி செய்ய முடியாது.

மூன்றாம் படி: ஸ்லைடு காட்டும் வழியில் போவது

கொத்தாகத் தெரிந்தால் கேள்வி இரண்டுதான். இது ஸ்டாஃப் ஆரியஸா, தோலில் சாதாரணமாக இருக்கும் வேறு ஸ்டஃபைலோகாக்கஸா? ஆரியஸ் என்றால் எம்ஆர்எஸ்ஏவா (மெதிசிலினுக்குக் கேட்காத ஆரியஸா)? பாட்டில் திரவத்திலிருந்தே டியூப் கோயாகுலேஸ் (கிருமி பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போட்டால் நான்கு மணி நேரத்தில் முதல் கேள்விக்கு நல்ல குறிப்பு கிடைக்கும்; செலவும் குறைவு. காசநோய்த் திட்டத்தால் நமக்குப் பழகிப்போன ஜீன்எக்ஸ்பர்ட் கருவியிலேயே பிளட் கல்ச்சருக்கான எம்ஆர்எஸ்ஏ கார்ட்ரிட்ஜ் ஓடும், ஒரு மணி நேரத்தில் இரண்டு கேள்விக்கும் விடை. ஆரியஸ்தான், ஆனால் எம்ஆர்எஸ்ஏ இல்லை என்று தெரிந்தால் வான்கோமைசினை நிறுத்திவிட்டு செஃபஸோலின் அல்லது குளோக்ஸாசிலினுக்கு மாற்றலாம். மெதிசிலினுக்குக் கேட்கும் ஆரியஸை வான்கோமைசினைவிட இவை நன்றாகக் கொல்லும். எதிர்ப்பு இல்லை என்ற முடிவும் நோயாளிக்கு லாபம்தான் என்பதைப் புதிதாக வருபவர்கள் பலர் கவனிப்பதில்லை.

நான்கு பாட்டிலில் ஒன்றில் மட்டும், தாமதமாக, ஆரியஸ் அல்லாத ஸ்டஃபைலோகாக்கஸ் வந்தால் பெரும்பாலும் அது தோலிலிருந்து வந்த கலப்படம். கலப்பட விகிதம் 3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நெடுநாள் அளவுகோல். நன்றாக நடக்கும் இடங்கள் 1 சதவீதத்தைக் குறி வைக்கின்றன. ஈஸ்ட் விஷயத்தில் இப்படிச் சமாதானம் சொல்லாதீர்கள். ரத்தத்தில் ஈஸ்ட் தெரிந்தால், ஒரே பாட்டிலில் இருந்தாலும், அதை உண்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்திய ஐசியூக்களில் கேண்டிடா ஆரிஸ் என்ற, மருந்து எதிர்ப்புள்ள ஈஸ்ட் இருப்பதால் ஃபுளுகோனஸோல் கேட்கும் என்று ஊகிக்கவும் முடியாது.

கிராம் நெகட்டிவ் பேசில்லைதான் நம் ஊரில் அதிக வேலை வைக்கும் பகுதி. ஈ.கோலை, கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் நான்கும் ஸ்லைடில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், மருந்தோ ஒவ்வொன்றுக்கும் வேறு. மால்டி-டாஃப் (புரதங்களை வைத்துக் கிருமியின் பெயரைச் சொல்லும் கருவி) இருக்கும் லேபில், சாக்லேட் அகாரில் சப்கல்ச்சர் போட்டு நாலைந்து மணி நேரத்தில் வரும் மெல்லிய படலத்தைச் சுரண்டி வைத்தாலே சில நிமிடங்களில் பெயர் வந்துவிடும். முழுக் காலனிக்காக மறுநாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாட்டிலிலிருந்து நேரடியாக ஓட்டவும் தனி கிட் உண்டு. ஆனால் இரண்டு கிருமி கலந்திருந்தால் மால்டி பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்லும், எதிர்ப்பைப் பற்றி வழக்கமான முறையில் எதுவும் சொல்லாது.

என்டிஎம்மா, ஆக்ஸா-48-ஆ?

புதிதாக வருபவர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டிய இடம் இது. மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளைச் சிதைக்கும் என்சைம்கள் பல. இந்தியாவில் நாம் அதிகம் பார்ப்பவை என்டிஎம், ஆக்ஸா-48 வகை இரண்டும். அமெரிக்கப் பாடநூல்களில் நிறைய வரும் கேபிசி என்ற என்சைம் இங்கே குறைவு. என்டிஎம் பற்றி 2010-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்து பெரும் விவாதத்தைக் கிளப்பிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் ஆராயப்பட்ட கிருமிகளில் சென்னையில் எடுத்தவையும் இருந்தன. ஆக, இது நம் வாசலில் பதிவான பிரச்சினை.

இரண்டையும் ஏன் பிரித்துச் சொல்ல வேண்டும்? செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற மருந்து ஆக்ஸா-48-ஐக் கட்டுப்படுத்தும், என்டிஎம்மைக் கட்டுப்படுத்தாது. அஸ்ட்ரியோனாமை என்டிஎம்மால் சிதைக்க முடியாது, ஆனால் கூடவே இருக்கும் மற்ற என்சைம்கள் சிதைத்துவிடும். அதனால் என்டிஎம் இருந்தால் அவிபாக்டம் மருந்தையும் அஸ்ட்ரியோனாமையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆக்ஸா-48 மட்டும் என்றால் முதல் மருந்தே போதும். கார்பபெனம் ரெசிஸ்டன்ட் என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட், விலை உயர்ந்த மருந்தைத் தவறான நோயாளிக்குப் போட வைக்கும்.

இதற்கு எளிய வழி லேட்டரல் ஃபுளோ கேசட். என்ஜி-டெஸ்ட் கார்பா 5 என்பது கேபிசி, ஆக்ஸா-48, விம், ஐஎம்பி, என்டிஎம் என்ற ஐந்து என்சைம்களையும் ஒரே கேசட்டில் காட்டும். பஃபரில் ஒன்றிரண்டு காலனியைக் கலக்கி, 100 மைக்ரோலிட்டர் விட்டு, 15 நிமிடம் காத்திருந்து கோடுகளைப் படிக்க வேண்டியதுதான். சி என்ற கன்ட்ரோல் கோடு வராவிட்டால் பரிசோதனை செல்லாது. என்டிஎம், ஆக்ஸா-48 இரண்டு கோடும் சேர்ந்து வரலாம், இங்கே அது அபூர்வம் இல்லை. மங்கலான கோடும் கோடுதான். பெரிய கருவி எதுவும் தேவையில்லை என்பதால், மாவட்ட அளவிலான லேப் ஒன்றுக்கு முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால் இதையே சொல்வேன். பாட்டில் திரவத்திலிருந்து நேரடியாகச் செய்வதென்றால் ரத்த அணுக்களை உடைத்து, சென்ட்ரிஃபியூஜ் செய்து, படிவை எடுக்கும் முறையை உங்கள் லேபில் முதலில் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. அசினெட்டோபாக்டரில் கார்பபெனம் எதிர்ப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஆக்ஸா-23. அது இந்தக் கேசட்டில் இல்லை. கேசட் நெகட்டிவ் என்று பார்த்து மெரோபெனம் கேட்கும் என்று சொல்லிவிட்டால் நோயாளிக்குத் தீங்கு செய்ததாகிவிடும்.

நான்காம் படி: பேனல் பிசிஆர் முடிவைப் படிப்பது

பயோஃபயர் பிசிஐடி2 போன்ற பேனல்கள் (ஒரே ஓட்டத்தில் பல கிருமிகளைத் தேடும் பிசிஆர் கிட்கள்) பாசிட்டிவ் பாட்டிலிலிருந்து நேரடியாக ஒரு மணி நேரத்தில் 43 இலக்குகளைத் தேடுகின்றன. அதில் 10 எதிர்ப்பு ஜீன்கள். விலை அதிகம், அதனால் எல்லாப் பாட்டிலுக்கும் ஓட்ட முடியாது. ஐசியூ நோயாளி, நியூட்ரோபீனியா (வெள்ளணுக் குறைவு) உள்ள புற்றுநோயாளி, பச்சிளம் குழந்தை என்று யாருக்கு ஓட்டுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் டியூட்டியில் இருப்பவர் தனியாக முடிவெடுக்கும்படி விடாதீர்கள்.

முடிவு வந்ததும் முதலில் கிராம் ஸ்லைடோடு ஒப்பிடுங்கள். ஸ்லைடில் கொத்தான காக்கை மட்டும் இருக்க, பேனல் கூடவே ஒரு கிராம் நெகட்டிவ் கிருமியையும் சொன்னால், பாட்டில் மீடியத்தில் இருந்த செத்த கிருமியின் டிஎன்ஏவாகவும் இருக்கலாம். ஸ்லைடில் கிருமி தெரிகிறது, பேனல் எதுவும் இல்லை என்கிறது என்றால், பட்டியலில் இல்லாத கிருமி என்று பொருள் கொள்ளுங்கள். மெலியோய்டோசிஸ் கிருமி அப்படி ஒன்று.

எதிர்ப்பு ஜீன் இருக்கிறது என்றால் பெரும்பாலும் அந்த மருந்து கேட்காது. ஜீன் இல்லை என்றால் மருந்து கேட்கும் என்று அர்த்தம் இல்லை. இந்த வாக்கியத்தை உங்கள் ரிப்போர்ட்டிலேயே ஒரு வரியாகப் போடலாம். சூடோமோனாஸ் எந்தக் கார்பபெனமேஸ் (கார்பபெனத்தைச் சிதைக்கும் என்சைம்) ஜீனும் இல்லாமலே, மருந்து உள்ளே நுழையும் துளையை அடைத்தும் நுழைந்த மருந்தை வெளியே தள்ளியும் மெரோபெனத்திலிருந்து தப்பிக்கும்.

ஐந்தாம் படி: கருவி இல்லாமல் ஆறு மணி நேரத்தில் சென்சிடிவிட்டி

பேனல் வாங்க முடியாத லேபுகளுக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது யூகாஸ்ட் என்ற ஐரோப்பிய அமைப்பின் ராஸ்ட் முறை, அதாவது பாட்டிலிலிருந்து நேரடியாகச் செய்யும் விரைவு டிஸ்க் சோதனை. தேவையானவை முல்லர் ஹின்டன் தட்டு, மருந்து டிஸ்க், அளவுகோல், கடிகாரம். அளவீட்டு அட்டவணை இலவசமாகக் கிடைக்கிறது.

பாசிட்டிவ் பாட்டிலிலிருந்து சுமார் 125 மைக்ரோலிட்டர் எடுத்து, தண்ணீரோ சலைனோ கலக்காமல், 90 மி.மீ. தட்டில் மூன்று திசையிலும் மெதுவாகப் பரப்புங்கள். உடனே டிஸ்க் வையுங்கள், உடனே 35 டிகிரி இன்குபேட்டருக்குள் வையுங்கள். 4, 6, 8 மணி நேரங்களில் படிக்கலாம், ஐந்து நிமிடம் முன்பின் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. கறுப்புப் பின்னணியில் தட்டைப் பிடித்து ஒளியைச் சாய்த்துப் பாருங்கள். வளர்ச்சி தட்டு முழுக்கச் சீராகப் படர்ந்து, டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் ஓரம் தெளிவாக இருந்தால் மட்டுமே அந்த வட்டத்தை அளக்க வேண்டும். நான்காவது மணி நேரத்தில் படலம் மெல்லியதாகத்தான் இருக்கும். ஓரம் தெரியவில்லையென்றால் ஊகித்து அளக்காமல் பத்து நிமிடத்துக்குள் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள்.

மூன்று விதிகளை மறக்காதீர்கள். கிருமியின் பெயர் தெரியாமல் அளவை எஸ் (கேட்கும்), ஆர் (கேட்காது) என்று மொழிபெயர்க்கக் கூடாது, ஏனென்றால் அட்டவணை ஒவ்வொரு கிருமிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வேறு. ஏடியூ என்று குறித்திருக்கும் சந்தேக எல்லைக்குள் அளவு விழுந்தால் ரிப்போர்ட் செய்யாமல் அடுத்த நேரத்தில் மறுபடி பாருங்கள். இரண்டு கிருமி கலந்திருந்தால் அந்தத் தட்டை ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்று: கோலிஸ்டினுக்கு எந்த டிஸ்க்கையும் நம்பாதீர்கள், அதற்குப் பிராத் மைக்ரோடைல்யூஷன்தான் (திரவத்தில் மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கும் முறை).

ஆறாம் படி: போன்

கம்ப்யூட்டரில் முடிவைப் பதிவு செய்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கும் இழப்பு. 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ரத்தத் தொற்றில் விரைவு மூலக்கூறுப் பரிசோதனை இறப்பைக் குறைத்தது. ஆனால் ஆன்டிபயாடிக் ஸ்டூவர்ட்ஷிப் குழு (ஆன்டிபயாடிக் சரியாகப் பயன்படுகிறதா என்று கவனிக்கும் குழு) கூடவே இயங்கிய இடங்களில்தான் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. குழு இல்லாத இடங்களில் உறுதியாகச் சொல்லும்படி எதுவும் தெரியவில்லை.

போனில் பேசுவது இப்படி இருக்கலாம்:

“மேடம், மைக்ரோ லேப்ல இருந்து பேசுறேன். எம்ஐசியூ, ஏழாம் பெட். நேத்து ராத்திரி அனுப்பின பிளட் கல்ச்சர் ரெண்டு செட்டும் பாசிட்டிவ். கிளெப்சியெல்லா. என்டிஎம் பாசிட்டிவ், ஆக்ஸா-48 நெகட்டிவ். இப்ப என்ன ஆன்டிபயாடிக் போகுது?”

“மெரோதான் போகுது.”

“மெரோ கேட்காதுன்னுதான் எடுத்துக்கணும் மேடம். தொற்றுநோய் டாக்டருக்கும் இப்பவே சொல்லிடுறேன். நான் சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்றீங்களா?”

திருப்பிச் சொல்லச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். பெட் எண்ணோடு பெயரும் ஐபி எண்ணும் கேட்டுச் சரிபாருங்கள், பெட் மாறியிருக்கலாம். யாரிடம் சொன்னோம், எத்தனை மணிக்கு என்று பதிவேட்டில் எழுதுங்கள். இன்ன மருந்து போடுங்கள் என்று டெக்னீஷியன் சொல்ல வேண்டியதில்லை. இப்போது போகும் மருந்தைக் கேட்டு, பொருந்தவில்லை என்றால் சொல்லக்கூடிய டாக்டரிடம் விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஸ்டூவர்ட்ஷிப் குழு இல்லாத ஆஸ்பத்திரியில் ஒரு மைக்ரோபயாலஜிஸ்ட், ஒரு ஐசியூ டாக்டர், ஒரு பார்மசிஸ்ட் மூன்று பேர் ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் இருந்தாலே தொடங்கிவிடலாம். நோயாளியின் பெயரை மட்டும் அதில் போடாதீர்கள்.

மறுநாள் காலை

தட்டில் காலனி வந்திருக்கும். விரைவு முடிவோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அமைதியாக ரிப்போர்ட்டை மாற்றி அனுப்பாமல், மறுபடி போன் செய்து இது திருத்தம் என்று சொல்லுங்கள். எம்ஆர்எஸ்ஏ என்று நேற்றுச் சொன்ன பாட்டிலில் இன்று சாதாரண ஆரியஸும், மெதிசிலின் எதிர்ப்பைத் தரும் மெக்-ஏ ஜீன் உள்ள வேறு ஸ்டஃபைலோகாக்கஸும் சேர்ந்து வளர்ந்திருக்கலாம். ஜீன் யாருடையது என்று தட்டுதான் காட்டும்.

அப்புறம் ஒவ்வொரு பாசிட்டிவுக்கும் ஐந்து நேரங்களைக் குறித்து வையுங்கள்: ரத்தம் எடுத்தது, பாட்டில் கருவிக்குள் போனது, சத்தம் கொடுத்தது, போன் செய்தது, மருந்து மாறியது. மாதம் ஒருமுறை அவற்றை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் உங்கள் ஆஸ்பத்திரியில் நேரம் எந்த இடைவெளியில் போகிறது என்று தெரியும். வார்டிலிருந்து பாட்டில் கீழே வர ஆறு மணி நேரம் ஆகிறதென்றால், அடுத்த பட்ஜெட்டில் பிசிஆர் கேட்பதற்கு முன் பாட்டில் கொண்டுவரும் ஆளைக் கேளுங்கள்.